பச்சத் தண்ணி

"ஆத்தா, பயப்படாதீக. நீங்க நெனச்ச தண்ணி இல்ல இது. ஹீட்டர் ஓஸ் ஒழுகுது."

ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த மெக்கானிக் பாண்டீஸ்வரன் இப்படிச் சொன்ன பிறகுதான் கர்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பின் சீட்டில் வளையல் தட்டை மடியில் வைத்திருந்த அவர் மனைவி கஸ்தூரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று அவளுக்கே தெரியாது. குச்சனூர் பக்கத்தில் இருப்பதால் சனீஸ்வரனே அதை வாங்கிக்கொண்டிருப்பார்.

ஓடைப்பட்டியில் மகள் கயலுக்கு வளைகாப்பை முடித்துவிட்டு, பிரசவத்துக்குத் தேவதானப்பட்டிக்குக் கூட்டிப்போகிற வழி. பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும் என்று அவளை முன் சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னமனூரைத் தொடும்போது, "அம்மா, காலெல்லாம் வெதுவெதுன்னு நனையுது" என்றாள். அவ்வளவுதான். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று கஸ்தூரியம்மாள் போட்ட சத்தத்தில் கர்ணனுக்கு ஸ்டீயரிங் எது, பிரேக் எது என்றே தெரியவில்லை. அவர் தட்டுத்தடுமாறி நிறுத்திய இடம் ஒர்க்ஷாப் வாசலாக இருந்தது அவருடைய நல்ல நேரம்.

"தேனி வெயில்ல ஹீட்டர் எதுக்குண்ணே?" என்றான் பாண்டீஸ்வரன்.

"நானா வச்சேன்? மூணார் எஸ்டேட்ல ஓடுன வண்டிப்பா. குளிருக்கு அவுக வச்சது. நான் ஒரு நாளும் போட்டதில்ல."

"நீங்க போடாட்டியும் இன்ஜின் தண்ணி இது வழியாத்தான் சுத்திட்டு வரும். ஓஸு உளுத்துப் போயிருச்சு. ரேடியேட்டர்ல என்ன ஊத்துறீக?"

"பச்சத் தண்ணிதான். தோட்டத்துக் கெணத்துத் தண்ணி."

"அதான். உப்பும் துருவும் சேந்து தின்னுருச்சு. இனிமே கூலண்ட் கலந்துதான் ஊத்தணும்."

வேறு நாளாக இருந்தால் கர்ணன் நின்று வாதாடியிருப்பார். இன்று அவன் என்ன சொன்னாலும் சம்மதம். மகளுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன வாய் அது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, பாண்டீஸ்வரன் பழைய ஓஸைக் கழற்றினான். கையில் எடுத்ததுமே அது பிய்ந்துகொண்டு வந்தது. புது ஓஸை மாட்டி, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கினான். நனைந்த கால்மிதியை வெயிலில் காயப் போட்டான். கர்ணன் மகளுக்கு இளநீர் வாங்கிக்கொண்டு வந்தபோது, ரேடியேட்டர் வாய்வரை நிறைந்து பளபளத்தது.

"என்னப்பா, பாசி புடிச்ச மாதிரி இருக்கு?"

"இதாண்ணே கூலண்ட்."

இன்ஜினைச் சூடேற ஓடவிட்டு ஓஸைத் தடவிப் பார்த்தான். சொட்டுக்கூட இல்லை. "ஏதாச்சும்னா ஒரு போன் போடுங்க" என்று நம்பர் கொடுத்து அனுப்பினான்.

வீரபாண்டி தாண்டும்வரை ஜீப்புக்குள் ஒரே சிரிப்பு.

"வண்டிக்குப் பனிக்குடம் ஒடஞ்சதுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா?" என்றார் கர்ணன்.

"நீங்க மட்டும் என்னவாம், ஆஸ்பத்திரி எங்கன இருக்குன்னு என்கிட்ட கேட்டீக. தேனியில முப்பது வருசமா வண்டி ஓட்டுற ஆளு," என்றாள் கஸ்தூரியம்மாள்.

கயல் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது. அதற்குள் அம்மா எத்தனை தடவை கத்தப்போகிறாளோ என்று நினைத்தாள்.

தேனியைத் தாண்டி, பெரியகுளம் நெருங்கும்போது அவள் மெல்லச் சொன்னாள். "அப்பா, மறுபடியும் நனையுது."

இந்தத் தடவை கஸ்தூரியம்மாள் வாயே திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை கேலிப்பட்டது போதும் அவளுக்கு.

கர்ணன் புளியமரத்து நிழலில் வண்டியை ஓரங்கட்டினார். குனிந்து, தோள் துண்டால் மகளின் காலடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஈரம் வந்தது. சுறுசுறுவென்று கோபமும் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு போனை அடித்தார்.

"என்னப்பா பாண்டி, என்னத்த மாட்டிவிட்ட? திரும்ப ஒழுகுது."

"ஒழுகாதேண்ணே. நல்லாப் பாத்தீகளா? என்ன தண்ணி வருது?"

"என்ன தண்ணி வரும்? பச்சத் தண்ணிதான்."

பாண்டீஸ்வரனின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "பச்சத் தண்ணியா? அப்ப என் தப்புதாண்ணே. கிளிப் வழுகியிருக்கும். மன்னிச்சுக்கங்க. மெதுவா இங்கன திருப்பிட்டு வாங்க, வேற மாட்டித் தாரேன்."

"நெறமாசப் பிள்ளைய வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் திரும்பி வரணுமாக்கும்" என்று முணுமுணுத்தபடியே கர்ணன் வண்டியைச் சின்னமனூர் பக்கம் திருப்பினார். கயல் முதுகை நெளித்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னால என் துண்டும் போச்சு. சொதசொதன்னு நனஞ்சு கெடக்கு" என்றார் கர்ணன், இன்னும் வைக்காத போனில்.

"பச்சக் கறைதானண்ணே, சோப்பு போட்டா போயிரும்."

கர்ணன் துண்டை விரித்துப் பார்த்தார்.

"பச்சக் கறையா? வெள்ளத் துண்டு வெள்ளையாத்தான்ப்பா இருக்கு."



"அண்ணே," என்றான் பாண்டீஸ்வரன், "நான் ஊத்துன கூலண்டு கலரே பச்சைண்ணே. என் ஓஸ் ஒழுகல. இங்கன வராதீக, பிள்ளைய நேரா பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நீங்க தாத்தா ஆகப் போறீக."