மூன்றாவது தடவை

வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்துக்கொள்ளும் எஜமானர்களைப் பற்றித்தான் அன்றைய வகுப்பு.

அந்தப் பெண்கள் ஏன் திருப்பிக் கேட்பதில்லை, மொழி தெரியாததாலா என்று ஜெர்மனியிலிருந்து பேராசிரியை கேட்டார்.

திரையில் பதினோரு முகங்கள். பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பியலில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. ஜாஸ்மியின் ஊர்ப்பக்கமிருந்து நிறையப் பேர் போகிறார்களே, அவள் சொல்லட்டும் என்றார் பேராசிரியை.

ஜாஸ்மி கோட்டாற்றில், மாமியார் வீட்டுப் படுக்கையறையில் இருந்தாள். கணவன் ரிஜோவின் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் என்று ஜெர்மனியிலிருந்து வந்தவள். இது நான்காவது மாதம். இந்தப் பருவம் முடியும் வரைதான் வீட்டிலிருந்து படிக்கலாம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது.

பகலில் அறைக்கதவைச் சாத்துவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மாமியார் பேபி அவளுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜாஸ்மியால் சாத்திக்கொள்ள முடிந்த ஒரே கதவு, மாமிக்குத் தெரியாத இங்கிலீஷ்.

அதில் அவள் சொன்னாள். மொழியெல்லாம் தெரியும். முதல் தடவை கேட்பார்கள். பத்திரமாக இருக்கிறது, இப்போது எதற்கு என்று பதில் வரும். இரண்டாம் தடவை கேட்டால் வீட்டில் எல்லோருக்கும் முகம் வாடிவிடும். மகள் மாதிரி வைத்துச் சோறு போடுகிறவர்களிடம் மூன்றாவது தடவை கேட்க நாக்கு எழாது.

கூட இருந்து பார்த்தது போலச் சொல்கிறாய் என்று பேராசிரியை பாராட்டினார். அக்டோபரில் வந்துவிடுவாய் அல்லவா என்றும் கேட்டார்.

ஜாஸ்மி சிரித்து வைத்தாள்.

லேப்டாப்பை மூடியதும் மாமி, என்ன பாடம் என்று விசாரித்தாள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி என்றாள் ஜாஸ்மி.

மாமி துணிகளை அள்ளிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், ஜாஸ்மியின் பாஸ்போர்ட் இருந்தது. ஊருக்கு வந்த மறுநாள் மாமி வாங்கி வைத்த இடம்.

அதன்மேல் ஒரு சேலையை வைத்தாள்.

"குவைத்துல எனக்க பாஸ்போர்ட்டயும் அந்த வீட்டுப் பொம்பள எட்டு வருசம் பூட்டித்தான் வச்சிருந்தா," என்றாள், திரும்பாமலே. "நானும் ரெண்டு தடவதான் மக்கா கேட்டேன்."

எட்டு வருஷத்தில் மாமி அரபி மட்டுமா படித்திருப்பாள்.

ஜாஸ்மி எழுந்து நின்றாள்.

மாமி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. இரவுக்கு ஆப்பமா, இடியாப்பமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நெடுநேரம் நின்றாள்.

ஜாஸ்மி வாயைத் திறந்தாள்.

"ஆப்பம் போதும் மாமி."