ஒரு துப்பாக்கிகூட இல்லை

"எங்கள் கட்சியிடம் ஒரு துப்பாக்கிகூட இல்லை" என்ற மறுப்பறிக்கையைக் கட்சி அலுவலகத்தில் அறிக்கைகள் எழுதும் எழிற்செல்வி ஐந்தாவது முறையாகச் செய்தி வெளியீட்டு இயந்திரத்தில் ஏற்றினாள். பொய்யென்றால் வெளியிடாத அந்த இயந்திரம் ஐந்தாவது முறையும் திருப்பி அனுப்பியது. வெளியே ஊரே சமாதானம் கேட்டுக் கோஷம் போட்டது.

"வேற மாதிரி எழுதும்மா. படிச்ச புள்ளதானே?" என்றார் மாவட்டச் செயலாளர்.

"படிச்சதாலதாண்ணே சொல்றேன். வார்த்தைய மாத்தி ஒண்ணும் ஆகாது. கொடிக்கம்பக் கொட்டகையில கெடக்குற துப்பாக்கியயெல்லாம் மொதல்ல அமைதிக் குழுகிட்ட ஒப்படைங்க. அதுக்குக் காவல் நிக்கிறது ஒங்க மகன் இல்ல, என் தம்பி."

முறைத்தவர், வேறு வழியில்லாமல் லாரியை வரவழைத்தார். மாலையில் அமைதிக் குழு எல்லாவற்றையும் எடுத்துப் போனதும், அதே அறிக்கை ஓர் எழுத்தும் மாறாமல் வெளியானது.

அன்றிரவு, ஏழு மாதம் கழித்துத் தம்பி வீட்டுக்கு வந்தான்.

"வேலை போச்சுக்கா."

"போகட்டும்டா. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்."