எல்லையோரத்து உலை

கழிமுகத்தில் ஓடைதான் எல்லை. கிழக்கே ஊர், மேற்கே பறவைகளுக்கான சரணாலயம். அங்கே தீ மூட்டக் கூடாது. ராத்திரி வெள்ளத்தில் ஓடை இடம் மாறி அஞ்சலாட்சி குடிசைக்குக் கிழக்கே பாய்ந்ததும், வனக்காவலர் தனராசுக்கு வேலை வந்தது.

“அடுப்ப அணைச்சிரும்மா. நீ இப்ப சரணாலயத்துக்குள்ள இருக்க.”

“நா எங்க சார் போனேன்? ஓடைதான நகந்து போயிருக்கு.”

கொதிக்கும் உலைப்பானையை இறக்கி, துணியோடு அவர் கையில் திணித்தாள். வாளி அடுப்பைத் தீயோடு தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். பானையும் கையுமாக அவரும் பின்னால் நடந்தார். அக்கரையில் அடுப்பை வைக்க அவள் குனிந்தபோது, எதிரே ஊர்ப் பக்கம் மண் சரிந்து இன்னொரு ஓடை பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

அவள் அடுப்பை இறக்கவில்லை.

“இதுல எது சார் எல்ல?”

தனராசு இரண்டு பக்கமும் பார்த்தார். பானை கையைச் சுட்டது. எங்கே இறக்குவதென்று தெரியவில்லை.