ஸ்மார்ட்வாட்ச்சுக்கு எத்தனை நட்சத்திரம்?

அமிர்தவல்லியின் மணிக்கட்டிலிருந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கு மூன்று வயது. அதையே வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா என்று தெரியாமல், அவள் காலையிலிருந்து கைப்பேசியில் பயனர் கருத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச் கலங்கிப்போய்க் கைப்பேசியைக் கேட்டது: "அக்கா, நான் இருப்பேனா, போவேனா? என் மாடலைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது?"

"ஒருவர் உன்னால் உயிர் பிழைத்தாராம். ஆனால் பெட்டி நசுங்கி வந்ததென்று ஒரே நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் ஐந்து கொடுத்திருக்கிறார். பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லையாம்."

"அப்படியானால் நான் உருப்படியானவளா, இல்லையா?"

"எனக்கென்னடி தெரியும்? நான் காட்டுகிறவள், அவ்வளவுதான்."

இருநூறாவது கருத்தைப் படித்தும் முடிவுக்கு வர முடியாத பதற்றத்தில் அமிர்தவல்லியின் நெஞ்சு படபடத்தது. வேலையை ஒழுங்காகச் செய்தால் தப்பிக்கலாம் என்று நம்பிய வாட்ச் உடனே அதிர்ந்து அறிவித்தது: "இதயத் துடிப்பு நூற்றிருபது. சற்று ஓய்வெடுங்கள்."

"சோபாவில் சும்மா சாய்ந்திருப்பவளுக்கு நூற்றிருபதா? இது பழுதாகிவிட்டது!" என்ற அமிர்தவல்லி, அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதியதை ஆர்டர் செய்தாள்.

"அக்கா, நான் சொன்னது சரிதானே?"

"சரிதான்டி. நானும் அவள் கையில்தானே இருந்தேன், படபடப்பு எனக்கும் தெரிந்தது," என்றது கைப்பேசி. "ஆனால் அதை யாரும் கருத்தில் எழுதவில்லையே."