கோலுக்கு ஆள்

மலையணி போன வருஷக் கால்பந்துப் போட்டியில் கடைசி இடம். அதனால் வழக்கப்படி, புதுக் குட்டிகளில் முதலில் ஆள் எடுக்கும் வாய்ப்பு அதற்குத்தான். கோல்கீப்பர் ஆமை விலகிப்போய் அந்த இடம் காலியாகக் கிடந்தது. பயிற்சியாளர் கரடியோ, மற்ற அணிகள் விடுவித்த மூன்று சிறுத்தைகளை ஏற்கெனவே சேர்த்திருந்தது. மூன்றும் கோல் அடிப்பவை.

"நான் கோல்ல நிக்கிறேண்ணே!" என்று குரங்குக்குட்டி நீண்ட கைகளை விரித்தது. அதற்குள் ஒரு சிறுத்தைக்குட்டி பந்தோடு மைதானத்தில் பறந்தது.

"அடேயப்பா, என்ன ஓட்டம்! இவன்தான்! கோலுக்கு அப்புறம் ஆள் பார்த்துக்கலாம்!" என்று கரடி துள்ளியது. அடுத்து ஆள் எடுத்த ஆற்றணி குரங்கை அள்ளிக்கொண்டது.

முதல் ஆட்டமே ஆற்றணியோடு. நான்கு சிறுத்தைகளும் மாறி மாறி அடித்த பந்தையெல்லாம் குரங்கு தாவிப் பிடித்தது.

"விடாதீங்கடா, அடிங்க!" என்று கரடி கத்தியது.

குரங்கு பந்தைக் காலடியில் வைத்தது.

"அண்ணே, கோலுக்கு ஆள் பார்த்துட்டீங்களா?"

கரடி திரும்புவதற்குள் குரங்கு உதைத்த பந்து அதன் தலைக்கு மேலே, மலையணியின் காலிக் கோலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.