ஆள்காட்டி முட்டை

பாவாத்தாள் தன் ஏழு ஏக்கர் மேய்ச்சல் காட்டை ஒருநாளும் உழுததில்லை. பறவைகளைக் கணக்கெடுக்க வந்த நூர்ஜஹான், புல்லுக்கு நடுவே வெறும் தரையில் கிடந்த ஆள்காட்டிக் குருவியின் மூன்று முட்டைகளைக் காட்டினாள். "குஞ்சு பொரிக்க இன்னும் இருபது நாள் ஆகுமுங்க. அதுவரைக்கும் இந்தப் பக்கம் மாடு வேண்டாமே" என்று கேட்டாள். பாவாத்தாள் அன்றே மாடுகளை மேற்குக் காட்டுக்கு மாற்றினாள்.

ஒன்பதாம் நாள் காலையில், பக்கத்து நிலத்தில் சோலார் தகடு பதிக்கும் கம்பெனியின் ஜேசிபி, குறுக்குவழி போட அவள் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. பாவாத்தாள் ஓடிப்போய் முட்டைகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மூணு முட்டைக்காகவா வழிய மறிக்கறீங்க?" என்று ஜேசிபியோடு வந்த சூப்பர்வைசர் சிரித்தான். "அது வேற காட்டுல போய் இட்டுக்குமுங்க."

"முட்டை அதோடது, காடு என்னோடது. நாங்க ரெண்டு பேருமே நகர மாட்டோம். பிச்ச வேலியக் கட்டிக் குடுத்துட்டுப் போ."

அவன் டிரைவருக்குக் கை காட்டினான். ஜேசிபியின் இரும்பு வாளி அவள் தலைக்கு மேல் உயர்ந்தது. அவள் கண்ணை மூடவில்லை. அதுவரை கத்திக்கொண்டே மேலே சுற்றிய தாய்ப் பறவை, அவளுக்கு ஒரு முழம் தள்ளி இறங்கி, முட்டைகளின்மேல் உட்கார்ந்தது.

டிரைவர் வாளியை மெல்ல இறக்கினார். இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னால ஆகாதுங்க சார். நீங்களே ஓட்டுறதுன்னாலும் சாவி குடுக்க மாட்டேன்."