மண் படாத கை

வாலிகண்டபுரம் பள்ளிக்கூடத்து ஹாலில் பதினொரு மணி வெயில் தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே இறங்கி, கலைமணியின் படத்துக்குப் போட்ட மாலைமேல் புள்ளிபுள்ளியாக விழுகிறது. அவுரி வேரிலிருந்து முதன்முதலாக ஒரு மருந்தைப் பிரித்தெடுத்த வேதியியல் விஞ்ஞானி அவள். முன்வரிசையில் அவள் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பூமாலை, கஞ்சி போட்ட வேட்டியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியிலிருந்து வந்த பெண் கலைமணியின் ஆய்வேட்டைப் பிரித்து, நன்றிப் பக்கத்தை மைக்கில் தமிழில் சொல்கிறாள்: "என் முதல் வேரைத் தோண்டித் தந்த அண்ணனுக்கு." கைதட்டல் கூரையில் மோதுகிறது. பூமாலையின் காதில் வேறொரு சத்தம் கேட்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன் தங்கை கையிலிருந்து அவர் பிடுங்கி எறிந்த களைக்கொத்து வாசல் கல்லில் விழுந்த சத்தம். "கூலி வேலையிலேருந்து இப்பதான் தலையெடுத்திருக்கோம். படிச்ச பொண்ணு ஊரான் கொல்லையில கொத்திக்கிட்டு நின்னா நம்ம மானம் என்னாவறது?" என்று கத்திவிட்டு, அவள் கொண்டுவந்த வேர்களைக் குப்பைக்குழியில் கொட்டியவர் அவர். பொழுது சாய்வதற்குள் வேறு வேர்களைத் தோண்டிக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு வேம்பு. அவள் இப்போது கடைசி வரிசையில், பொக்கை வாய் தெரியச் சிரித்தபடி எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டுகிறாள். "எந்திரிங்கண்ணே! கலைமணிதான் ஒங்க பேருல எளுதி வச்சிட்டுப் போயிருச்சே. நானா இல்லேங்கப் போறேன்?" சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். பூமாலை எழுந்து நிற்கிறார். யாரோ சால்வை போர்த்துகிறார்கள். மண் படாத தன் இரண்டு கைகளையும் அவர் அந்தச் சால்வைக்குள் மறைத்துக்கொள்கிறார்.